பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால்

மயாமித் துறைமுகத்தினின்று உல்லாசக் கப்பல் ஒன்று நங்கூரம் தூக்கும்போதே அதன் உணவகங்கள் திறந்துவிடுகின்றன. இசைக்குழு வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. நீச்சல் குளத்தில் குழந்தைகள் குதித்துவிடுகின்றனர். வரியில்லாக் கடைகளும் சூதாட்ட அரங்கும் மட்டும் மூடிக் கிடக்கும். கரை விளக்குகள் மறைந்து, அந்நாட்டின் கடல் எல்லையைக் கப்பல் தாண்டிய பின்னரே கேசினோவின் விளக்குகள் எரியும். கரை நாடொன்றின் ஆட்சி 12 கடல் மைல் வரை, அதாவது ஏறத்தாழ 22 கிலோ மீட்டர் வரை செல்லலாம் என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை வரையறுத்தது. அதற்கு அப்பால் கப்பல் எந்த நாட்டுக் கொடியை ஏற்றியிருக்கிறதோ அந்த நாட்டுச் சட்டமே ஆளும். அமெரிக்கப் பயணிகளைச் சுமக்கும் பெருங்கப்பல்களுள் பெரும்பாலானவை பகாமாசு, பனாமா, மால்டா போன்ற நாடுகளின் கொடிகளையே ஏற்றியுள்ளன. ஏன் என்பதை விளக்கவும் வேண்டுமோ!

நம் மறைமாவட்ட இதழில் இதற்கென்ன வேலை என்று வாசகர் வினவலாம். வேலை இருக்கிறது. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் பணியாற்றும் பிள்ளைகள், காண வரும் பெற்றோரைக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வது நம் பங்குகளில் இன்று புதுமையன்று. திரும்பி வருவோர் காட்டும் படங்களில் கடலும் இருக்கிறது. பச்சைத் துணி விரித்த மேசையும் இருக்கிறது. அம்மேசையைக் குறித்து அவர்கள் நாணுவதில்லை. "விடுமுறையில் ஒரு வேடிக்கை" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. முடியக் கூடாது என்பது நம் கருத்து.

கப்பலில் சூதாட்டம் என்னும் ஏற்பாடு வேடிக்கைக்காகப் பிறந்ததன்று. 1938இல் தோனி கொர்னேரோ என்பவர் கலிபோர்னியாவின் சாந்தா மோனிக்காக் கரைக்கு எதிரே, அன்றைய மூன்று மைல் எல்லைக்குச் சற்று வெளியே, 'ரெக்ஸ்' என்ற பழைய கப்பலை நிறுத்தினார். கரையிலிருந்து சிறு படகுகள் மக்களை ஏற்றிச் சென்றன. அக்கப்பல் எந்த ஊருக்கும் போகவில்லை. போகும் நோக்கமும் அதற்கில்லை. சட்டத்திற்கு வெளியே நிற்பதொன்றே அதன் பயணம்! 1939இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஏர்ல் வாரன் (பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானவர்) காவலரைப் படகுகளில் அனுப்பியபோது, கொர்னேரோ தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சியடித்து நாள் கணக்கில் அவர்களை ஏறவிடாது தடுத்தார். எல்லையை எங்கிருந்து அளப்பது என்பதே பின்னர் வழக்காயிற்று. கரையிலிருந்தா, வளைகுடாவின் இரு முனைகளையும் இணைக்கும் கோட்டிலிருந்தா? நீதிமன்றம் இரண்டாவதையே ஏற்றது; ரெக்ஸ் வீழ்ந்தது. அதே கொர்னேரோ 1955இல் லாஸ் வேகாஸ் நகரச் சூதாட்ட மேசையொன்றில் ஆடிக்கொண்டிருந்தபோதே உயிர் துறந்தார் என்பது கூடுதல் செய்தி.

இன்றைய உல்லாசக் கப்பல் ரெக்ஸ் அன்று. அது சட்டப்படி இயங்குவது, குடும்பங்கள் செல்வது. ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அரங்கு திறக்கும் நேரத்தை நிர்ணயிப்பது கடிகாரமன்று, எல்லைக்கோடு என்பதில் மாற்றமில்லை. பல கப்பல்களில் உணவகத்திலிருந்து நாடக அரங்கிற்குச் செல்லும் வழியே சூதாட்ட அரங்கின் ஊடாக அமைந்துள்ளது. அறைக் கதவைத் திறக்கும் அதே அட்டையை நீட்டினால் ஆட்ட வில்லைகள் கிடைக்கும். கணக்கு பயணத்தின் இறுதியில் வரும். பணத்தாளை எண்ணிக் கொடுக்கும்போது கைக்கு உறைக்கும் வலி அட்டையை நீட்டும்போது உறைப்பதில்லை.

இனிப் போக்கருக்கு வருவோம். சென்ற ஆண்டு பங்குப் பெரியவர் ஒருவர் நம்மைக் காண வந்தார். அரசுப் பணியில் நேர்மையோடு ஓய்வு பெற்றவர். மகன் வீட்டிற்குச் சென்று, கரீபியக் கடலில் ஏழு நாள் பயணம் முடித்துத் திரும்பியிருந்தார். கோபுரத் திருப்பணிக்கென்று ஓர் உறையை மேசைமீது வைத்தார். கப்பலில் போக்கர் ஆடி வென்ற பணத்தில் ஒரு பங்கு அது. நம் தயக்கத்தைக் கண்டதும், "ஃபாதர், இது சூதாட்டமில்லை. நம்ம ரம்மி மாதிரி அறிவு விளையாட்டுதான். கோர்ட்டே சொல்லியிருக்கிறதே!" என்றார்.

கோர்ட்டு சொன்னது உண்மைதான். இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தின் மீதான வழக்கில், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகளே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை, திறமையாயினும் தற்செயலாயினும், வேறுபாடின்றித் தடுக்கும் சட்டத்தை 2025இல் நாடாளுமன்றம் இயற்றியது. இன்று தீர்ப்பு, நாளை சட்டம்! நம் பெரியவரின் மனச்சான்று இவ்விரண்டில் எதைப் பற்றிக்கொண்டு உறங்கும்?

போக்கரில் திறமை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. 52 சீட்டுகளில் ஐந்தைத் தேர்ந்தால் 25,98,960 வகைக் கைகள் அமையும். அவற்றின் வாய்ப்பளவை மனத்தில் கணக்கிடுவோன் அறிவாளியே. ஆனால் அந்தத் திறமை எதன்மேல் செலுத்தப்படுகிறது? சக்கரச் சூதிலே பயணி கப்பலை எதிர்த்து ஆடுகிறான். போக்கரிலோ பயணி பயணியை எதிர்த்து ஆடுகிறான், காலையில் ஒரே மேசையில் உண்டவனை, "எத்தனை பேரப்பிள்ளைகள்?" என்று விசாரித்தவனை! அவனுடைய தயக்கத்தை, சோர்வை, அருந்திய மதுவின் அளவைக் கண்காணிப்பதே ஆட்டம். தேர்ந்த ஆட்டக்காரர்களின் குழூஉக்குறியில் திறமையற்ற எதிராளிக்கு 'மீன்' என்று பெயர். கப்பல் மேசைகளில் விடுமுறைக்கு வந்த கற்றுக்குட்டிகள் மிகுதி என்பதால் அவற்றைத் தேடிச் செல்வோரும் உளர். மனிதரைப் பிடிக்கும் மீனவராகும்படி ஆண்டவர் அழைத்த மக்களுள் ஒருவர், கப்பலேறிச் சென்று பிடித்து வந்த மீன் இது!

கப்பலோ எவர் வென்றாலும் தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் நடுவில் குவியும் பணத்திலிருந்து ஒரு பகுதியை நிர்வாகம் வாரிக்கொள்ளும். அதற்கு 'ரேக்' என்று பெயர். தோட்டத்தில் சருகு வாரும் கருவியின் பெயரும் அதுவே. கப்பல்களில் பத்து விழுக்காடு என்பது பரவலாகக் காணப்படும் அளவு. எடுத்துக்காட்டாகக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்துப் பேர் ஆளுக்கு 200 டாலரோடு அமர்கிறார்கள். மேசையில் 2,000 டாலர். ஒவ்வோர் ஆட்டத்திலும் 50 டாலர் குவிகிறது என்றும், மணிக்கு முப்பது ஆட்டம் என்றும் கொள்வோம். ஓர் ஆட்டத்திற்கு ஐந்து டாலராக மணிக்கு 150 டாலரைக் கப்பல் எடுக்கிறது. இரவுக்கு நான்கு மணி நேரமாக மூன்று இரவுகள் இதே அளவில் ஆடினால் 1,800 டாலர் போய்விடும். எஞ்சிய 200 டாலருக்காகப் பத்துப் பேர் அடித்துக்கொள்ள வேண்டும், அல்லது தோற்றவர்கள் மீண்டும் அட்டையை நீட்ட வேண்டும். ஆகவே இந்த மேசையில் ஒருவர் பணத்தோடு எழுகிறார் என்றால், மற்றவர்கள் அவருக்கும் கொடுத்துக் கப்பலுக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்பதே பொருள்.

தோற்றவரைப் பற்றிய மறையுரைகள் நம்மிடம் ஏராளம். நேப்பிள்ஸ் நகரத் தெருவில் அனைத்தையும் சூதில் இழந்து, பின்னர் மனந்திரும்பி நோயாளரின் தந்தையான புனித கமில்லஸ் தெ லெல்லிஸ் வரலாற்றை அறியாதார் யார்? நாம் இங்கே பேசுவது வென்றவரைப் பற்றி. வள்ளுவரும் சூது அதிகாரத்தின் முதற் குறளிலேயே தோல்வியைப் பேசவில்லை, வெற்றியையே எச்சரிக்கிறார் என்பதை நினைக.

திருச்சபை விளையாட்டுக்குப் பகையன்று. புனித தாமஸ் அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகுப்பில்' விளையாட்டின் மிகுதியை மட்டுமன்றி, விளையாடவே தெரியாத கடுகடுப்பையும் குறை என்கிறார். சீட்டாட்டமும் பந்தயமும் தம்மளவில் நீதிக்கு முரணல்ல என்றே 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கூறுகிறது. ஒருவனுடைய வாழ்வுத் தேவையைப் பறிக்கும்போதும், அடிமைத்தனமாக மாறும்போதும்தான் அவை தவறாகின்றன. இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு, "ஃபாதர், யாருடைய சோற்றையும் நான் பறிக்கவில்லையே" என்பார் நம் பெரியவர். ஆனால் அக்குவினாஸ் வேறோர் இடத்தில், தவறான வழியில் வந்த பொருளினின்று தருமம் செய்யலாமா என்னும் வினாவில், நம் பெரியவரின் உறையையே கண்முன் வைத்து எழுதியது போல எழுதுகிறார். வஞ்சனையால் வென்றவனும், தன் சொத்தைக் கையாள உரிமையற்ற சிறுவர், சித்தம் கலங்கியோர் ஆகியோரிடம் வென்றவனும், பொருளாசையால் பிறரை ஆட்டத்திற்கு இழுத்து வென்றவனும் அதைத் திருப்பித் தர வேண்டும். தருமம் செய்து கணக்கை நேராக்க முடியாது என்பது அவர் முடிவு. திருப்பணிக் காணிக்கையும் தருமந்தானே?

"யாரிடம் வென்றீர்கள்?" என்று கேட்டோம். பெரியவர் சற்று யோசித்தார். பெரும்பகுதி ஒரே மனிதரிடமிருந்து வந்தது என்றார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவராம். மணவாழ்வின் நாற்பதாம் ஆண்டைக் கொண்டாட மனைவியோடு வந்தவராம். ஆட்டத்தின் நுட்பம் அவருக்குத் தெரியவில்லை. இரண்டாம் இரவு அவர் வரத் தயங்கியபோது, "வாருங்கள், விட்டதைப் பிடிக்கலாம்" என்று அழைத்து வந்தவர் நம் பெரியவரே. இதை அவர் நகைச்சுவையாகத்தான் சொல்லத் தொடங்கினார். அம்மனிதரின் ஊரோ முழுப் பெயரோ அவருக்குத் தெரியாது. உறையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தோம். உரியவரைக் கண்டடைய இயலாதபோது அப்பொருள் ஏழைகளைச் சேர வேண்டும் என்பது அறநெறி இறையியலின் பழைய விதி. அதுவும் நன்கொடையாளர் கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாமல் சேர வேண்டும் என்று மட்டும் சேர்த்துச் சொன்னோம்.

இத்தொழிலின் உட்புறத்தை நன்கறிந்தோர் தம்மவரை எப்படிக் காக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கப்பல் நிறுவனங்கள் தம் பணியாளரைப் பொதுவாக அந்த அரங்கில் ஆட விடுவதில்லை. மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோக் கப்பல்களால் வருவாய் காணும் கோவா அரசு, 2020இல் கோவா மக்கள் மட்டும் அவற்றில் ஆடலாகாது என்று தடுத்தது. சிங்கப்பூரில் குடிமக்கள் கேசினோவில் நுழையக் கட்டும் தீர்வை 2019இல் நாளொன்றுக்கு 150 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அயல்நாட்டார் கட்ட வேண்டியதில்லை. தம் பிள்ளைகளுக்கு ஊட்டத் துணியாததை விருந்தாளிக்குப் பரிமாறுகிறார்கள், அவ்விருந்தாளிகள் நாமே! 2022 சூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. சூதாட்டம் உண்டென்று எழுந்த எதிர்ப்பால் புதுச்சேரியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆகவே இது இனி அமெரிக்க விசா உள்ளவருக்கு மட்டும் உரிய கவலையன்று.

விவிலியத்திலும் கப்பலில் சீட்டுக் குலுக்கினார்கள். யோனா கட்டணம் கொடுத்துக் கப்பலேறியது ஆண்டவரின் முன்னின்று தப்பிக்கவே. ஆனால் மாலுமிகள் சீட்டுக் குலுக்கியது எவரிடமும் பொருள் பறிக்கவன்று. குற்றம் யாரிடம் உள்ளது என்றறிய! அங்கே பன்னிரண்டு மைல் கணக்கு எடுபடவில்லை.

"கோயில் திருவிழாவில் நீங்களே தம்போலா நடத்துகிறீர்கள், பரிசுச் சீட்டு விற்கிறீர்கள், எங்களைக் கேட்க வந்துவிட்டீர்களா?" என்ற முணுமுணுப்பு நம் காதில் விழாமலில்லை. நியாயமான கேள்வி. சீட்டின் விலைக்கு மேல் ஒருவரும் இழப்பதில்லை, அயலானைக் குறிவைத்து ஒருவரும் ஆடுவதில்லை என்று வேறுபாடு காட்டலாம். ஆனால் ஒரே வீட்டார் இருபது, முப்பது சீட்டுகளை வாங்கத் தூண்டி அன்பியங்களுக்கிடையே போட்டி வைக்கும் பங்குகளில் அந்த வேறுபாடு தேய்ந்துவருகிறது. தமிழக அரசே 2003இல் லாட்டரியை நிறுத்திவிட்டது. அடுத்த திருவிழாவுக்குச் சீட்டு அச்சடிக்குமுன், ஒரு குடும்பத்திற்கு இத்தனைக்கு மேல் இல்லை என்றாவது பங்குப் பேரவைகள் தீர்மானம் எழுதட்டும். காணிக்கை உறைகளை வாங்குமுன் ஒரு கேள்வி கேட்க அருட்பணியாளரும் பழகிக்கொள்வோம்.