உரம் விழுந்ததா, குடல் செருகியதா?

கைக்குழந்தை திடீரென்று வீறிட்டு அழுதால் சங்கரன்கோவில் பக்கம் பாட்டிகள் சொல்லும் முதல் வார்த்தை: "ஏட்டி, பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கும். சேலையில போட்டு உருட்டு."

பாட்டிகளைக் குறை சொல்லவில்லை. பெரும்பாலான அழுகை தானாகவே அடங்கிவிடும். ஆனால், ஒரு அழுகை வேறு மாதிரி. குழந்தை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு அலறும். சில நிமிடங்களில் ஓயும், சிரிக்கக்கூடச் செய்யும். பத்து, இருபது நிமிடம் கழித்து மறுபடி அலறும். அப்புறம் வாந்தி, போகப் போக அது பச்சையாக வரும். பிள்ளை துவண்டு போகும். கடைசியில் செம்பருத்திப் பூவைக் கசக்கினது போல ரத்தமும் சளியுமாக மலம் போகும். அதுவரை காத்திருந்தால் தாமதம்தான்.

இதற்குப் பெயர் குடல் செருகல். முழுக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றும்போது கைப்பகுதி தனக்குள்ளேயே புகுந்துகொள்கிறதே, அப்படிக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் புகுந்துவிடுகிறது. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில்தான் அதிகம். மூன்று மாதம் முதல் மூன்று வயது வரை, அதிலும் முதல் வயதுக்குள், கூடுதலாக வரும். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. சளி, வயிற்றுப்போக்குக்குப் பிறகு குடலில் நெறி கட்டுவதால் வருவதுண்டு.

ஸ்கேனில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரிந்துவிடும். சீக்கிரம் போனால் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ செலுத்தியே குடலை விடுவித்துவிடுவார்கள். இப்படிச் சரியானவர்களில் பத்தில் ஒருவருக்குத் திரும்ப வரலாம் என்பதால் ஓரிரு நாள் கவனிப்பார்கள்.

அது பலிக்காவிட்டாலோ, குடல் ஓட்டையாகியிருந்தாலோ அறுவை சிகிச்சை. 1871-லேயே லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் இரண்டு வயதுச் சிறுமிக்கு இதைச் செய்து காப்பாற்றினார். முறை இன்றும் ஏறக்குறைய அதேதான்: புகுந்த குடலைப் பிடித்து இழுக்க மாட்டார்கள், கிழிந்துவிடும். கீழேயிருந்து மெல்லப் பிதுக்கி வெளியே தள்ளுவார்கள். வெதுவெதுப்பான ஈரத்துணியால் மூடிவைத்து, நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். கறுத்தே இருந்தால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைப்பார்கள். வெட்டுவதா வேண்டாமா என்பது, நீங்கள் எத்தனை மணி நேரத்தில் வந்தீர்கள் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

நம் ஊரிலிருந்து திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 108-ஐக் கூப்பிடுங்கள். பாலோ தண்ணீரோ கிரைப் வாட்டரோ கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தர வேண்டியிருக்கலாம். முதல் அழுகை எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். மலத்தைச் செல்போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள், கூச்சம் வேண்டாம்.

"ரோட்டா சொட்டு மருந்தால் இது வருமாமே?" என்று சிலர் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 1999-ல் அப்படி ஒரு பழைய மருந்தைத் திரும்பப் பெற்றது உண்மை. அது வேறு மருந்து. நம் நாட்டு ரோட்டாவேக்கைப் போட்ட குழந்தைகளை இந்திய மருத்துவமனைகளில் கண்காணித்ததில் அப்படிக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. 6, 10, 14-வது வாரங்களில் தயங்காமல் போடுங்கள்.