கடற்படை அணு உலைகளும் யுரேனியச் செறிவூட்டல் அளவும்

கடற்படை அணு உலை எரிபொருளின் செறிவூட்டல் அளவு என்பது, அணு ஆற்றலால் இயங்கும் கப்பல்களில் பயன்படும் யுரேனியத்தில் யுரேனியம்-235 என்னும் ஓரிடத்தான் எத்தனை விழுக்காடு உள்ளது என்பதைக் குறிக்கும். இயற்கை யுரேனியத்தில் இது ஏறத்தாழ 0.7 விழுக்காடு மட்டுமே. 20 விழுக்காட்டுக்குக் குறைவானது தாழ்செறிவு யுரேனியம் எனவும், 20 விழுக்காடும் அதற்கு மேற்பட்டதும் உயர்செறிவு யுரேனியம் எனவும் வகைப்படுத்தப்படுகின்றன. உயர்செறிவு யுரேனியம் அணுகுண்டுக்கும் மூலப்பொருளாகக் கூடும் என்பதால், இவ்வளவைத் தெரிவு செய்வது பொறியியல் சிக்கலாக மட்டும் அமைவதில்லை.

பொறியியல் காரணங்கள்

நீர்மூழ்கிக் கப்பலில் உலைக்குக் கிடைக்கும் இடம் குறைவு. ஒரே கன அளவில் யுரேனியம்-235 மிகுதியாக இருப்பின் உலையைச் சிறிதாக அமைக்கலாம். எரிபொருளும் நீண்டகாலம் நீடிக்கும். மேலும், உலையின் ஆற்றலைக் குறைத்தபின் செனான்-135 மிகுந்து நியூத்திரன்களை உறிஞ்சுகிறது. எரிபொருள் தீரும் தறுவாயிலும் இத்தடையை மீறி உலையை விரைவில் இயக்குவதற்குப் போதிய யுரேனியம்-235 எஞ்சியிருத்தல் வேண்டும். செறிவு குறைவாயின், உலையைப் பெரிதாக்க வேண்டும் அல்லது எரிபொருளை அடிக்கடி மாற்ற வேண்டும்.

நாடுகளின் தெரிவுகள்

ஐக்கிய அமெரிக்கா 90 விழுக்காட்டுக்கும் மேல் செறிவூட்டிய யுரேனியத்தைப் பயன்படுத்துகிறது. அதன் வர்ஜீனியா வகைக் கப்பல்கள் 30 ஆண்டுகளுக்கு மேலான தம் பணிக்காலம் முழுவதும் எரிபொருள் மாற்றாது இயங்கும் வகையில் வடிவமைக்கப்பட்டவை. பிரான்சு தாழ்செறிவு யுரேனியத்தைக் கையாள்கிறது. 2020 இல் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்ட சுஃப்ரென் கப்பலில் ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிபொருள் மாற்றப்பட வேண்டும். பிரேசிலும் தனது திட்டத்திற்குத் தாழ்செறிவையே தெரிவு செய்துள்ளது.

இந்தியா

இந்தியாவின் முதல் கடற்படை உலையின் நிலத்து முன்மாதிரி தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் அமைக்கப்பட்டு, 2006 இல் முழு ஆற்றலை எட்டியது. அவ்வடிவமைப்பைக் கொண்ட அரிகந்த் நீர்மூழ்கி 2009 இல் விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்டது. அதன் உலை 2013 இல் இயங்கத் தொடங்கியது. அடுத்த கப்பலான அரிகாட் 2024 இல் படையில் சேர்ந்தது. எரிபொருளுக்கான யுரேனியம் மைசூருக்கு அருகிலுள்ள ஆலையில் செறிவூட்டப்படுகிறது. செறிவு அளவை அரசு வெளியிடவில்லை. வெளிநாட்டு ஆய்வாளர்கள் 30 முதல் 45 விழுக்காடு வரை என மதிப்பிடுகின்றனர். இது அமெரிக்க, பிரெஞ்சு அளவுகளுக்கு இடைப்பட்டதாகும்.

ஆயுதப் பரவல் சிக்கல்

அணு ஆயுதமற்ற நாடுகள் பன்னாட்டு அணுசக்தி முகமையுடன் செய்துகொள்ளும் உடன்பாடுகளின்படி, நீர்மூழ்கி எரிபொருளை வழக்கமான கண்காணிப்பிலிருந்து விலக்கி வைக்க இயலும். இவ்விதியை இதுவரை எந்நாடும் பயன்படுத்தியதில்லை. 2021 இல் அறிவிக்கப்பட்ட ஆக்கசு உடன்பாட்டின்படி உயர்செறிவு எரிபொருள் கொண்ட கப்பல்களை ஆத்திரேலியா பெறவிருப்பதால் இவ்விதி மீண்டும் விவாதத்திற்கு வந்துள்ளது. அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராத இந்தியாவின் மைசூர் ஆலை முகமையின் கண்காணிப்பில் இல்லை.

மதிப்பீடு

தாழ்செறிவு எரிபொருளால் நீர்மூழ்கிகளை இயக்க இயலும் என்பதைப் பிரான்சின் பட்டறிவு காட்டுகிறது. அதற்கான விலை, கப்பல் துறையில் நிற்கும் காலமாகும். சில கப்பல்களையே உடைய நாட்டிற்கு இவ்விழப்பு பெரிது. எனினும், கண்காணிப்புக்கு உட்படாத உயர்செறிவு யுரேனியம் பெருகுந்தோறும், அது எரிபொருளுக்கா ஆயுதத்திற்கா என்று பிறர் பிரித்தறிவது கடினமாகிறது.