உபவாச நாளும் சர்க்கரை மாத்திரையும்



உபவாச ஜெபத்திற்கு வரும் சர்க்கரை நோயாளிகளுக்கு இவ்வாரம் எழுதுகிறேன். மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு மாலைவரை பட்டினியாய் அமர்ந்திருப்பது விசுவாசத்தின் அளவுகோல் அன்று. இன்சுலினும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளும், நாம் உண்ணாத வேளையிலும் இரத்தச் சர்க்கரையைக் குறைத்துக்கொண்டேயிருக்கும். அது 70-க்குக் கீழே இறங்கினால் வியர்வையும் நடுக்கமும் மனத்தடுமாற்றமும் உண்டாகலாம். அருகிலிருப்போர் அதை ஆவிக்குரிய அனுபவமென்று எண்ணிவிடக்கூடாது. சுயநினைவோடு இருப்பவருக்கு உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு உபவாசிப்பதும் தீர்வாகாது. மருத்துவரைக் கேளாமல் இரண்டையும் செய்யாதிருங்கள். 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டுவருபவரிடம் முதலில் விசாரிக்கலாம்.

சூரைச்செடியின் கீழ்ச் சோர்ந்து படுத்திருந்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீருமே. பயணம் அதன் பின்புதான்.

உங்களுக்குரிய ஒடுக்கம் வேறு. வேளை தவறாமல் அளவாய் உண்ணுங்கள். தட்டில் பொன்னிச் சோற்றைப் பாதியாக்கிக் கீரையும் பயறும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்டபின் பத்து நிமிடம் நடந்தால், அசையும் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதற்கு ராஜகிரி உச்சிவரை ஏற வேண்டியதில்லை, உங்கள் தெருவே போதும். ஒருநாள் பட்டினியைவிட இதுவே கடினம் என்பேன், நாளையும் செய்யவேண்டியிருக்கிறதே!

சபைக்கும் ஒரு வார்த்தை. உபவாசம் முடிந்ததும் கேசரியும் இனிப்புத் தேநீரும் பரிமாறும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. வரும் வெள்ளி முதல் சுண்டலும் மோரும் வைக்கும்படி பெண்கள் ஐக்கியத்தாரிடம் கேட்டிருக்கிறேன். கேசரியை விரும்புவோர் என்னிடமே முறையிடலாம்.