தூங்கினால் எழாத லேப்டாப்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது எருத்தேன்பதி. கேரளத்தில் இருந்தாலும் தமிழ் புழங்கும் ஊர். இந்த எல்லைப் பகுதிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் கம்ப்யூட்டர் பாடம் என்றால் விண்டோஸ் அல்ல, லினக்ஸ். 2018-ல் கேரள அரசு 8 முதல் 12 வரையிலான 45,000 வகுப்பறைகளை லேப்டாப், புரொஜக்டருடன் நவீனமாக்கத் தொடங்கியது. எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. செய்முறைத் தேர்வும் லினக்ஸில்தான். ஆகவே, தூங்கிய லேப்டாப் தேர்வன்று எழாவிட்டால் மதிப்பெண்ணுக்கே ஆபத்து.

வயதான லேப்டாப்புக்கு வரும் நோய்கள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, நினைவகத் திணறல். 'ஃப்ரீ' என்ற கட்டளையைக் கொடுத்ததும் காலி இடம் மிகக் குறைவாகத் தெரிய, பலர் பதறுகிறார்கள். தேவையில்லை. சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ், கோப்புகளைத் தாற்காலிகமாக வைக்கப் பயன்படுத்தும். கேட்டால் திருப்பித் தந்துவிடும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' என்ற பத்தியை. அது வற்றி, ஸ்வாப் பெருகினால்தான் உண்மையான பஞ்சம். பிரவுசர் திடீரென மறைவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். 2022-ல் வந்த உபுண்டு 22.04-ல், நினைவகம் தீருமுன்பே பெருந்தீனிக்கார புரோகிராமைக் கொல்லும் காவலாளி உண்டு. கேரளப் பள்ளிகளுக்கான 2024-ம் ஆண்டுப் பதிப்புக்கு அடித்தளம் அதே உபுண்டுதான். கொன்றது யார் என்பது சிஸ்டம் பதிவேட்டில் இருக்கும். மருந்து: பிரவுசரில் தாவல்களைக் குறைப்பது, நினைவகத்தைச் சுருக்கிப் பயன்படுத்தும் 'இசட்ரேம்', முடிந்தால் கூடுதல் ரேம்.

இரண்டாவது, தூக்கம். பழைய முறையில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும், மற்றவை அணைந்துவிடும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் அரைத்தூக்கம்தான். ஏதாவது ஒரு உறுப்பு விழித்திருந்தால்கூட பை சூடாகும், பேட்டரி வடியும். எந்த வகைத் தூக்கம் என்பதை 'மெம் ஸ்லீப்' என்ற சிஸ்டம் கோப்பு காட்டும். அதில் 'டீப்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுக்கலாம். இல்லையென்றால் பயாஸ் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். அப்டேட்டுக்குப் பிறகு எழ மறுத்தால், தொடக்க மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்ப்பது முதல் சோதனை. அதில் எழுந்தால் குற்றவாளி புதிய கெர்னல், லேப்டாப் அல்ல.

சாஃப்ட்வேரால் குணமாகாததும் உண்டு. பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்ட அளவையும் இப்போது கொள்ளும் அளவையும் 'யூபவர்' சொல்லிவிடும். பாதியாகிவிட்டால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பாலக்காட்டுக் கோடை 40 டிகிரியைத் தொடும். முழு சார்ஜுடன் லேப்டாப்பை அலமாரியில் பூட்டி விடுமுறைக்குப் போவது லித்தியம் பேட்டரிக்குச் செய்யும் கொடுமை. பாதி சார்ஜே போதும்.

இத்தனைக்கும் பதிலாக மொத்தத்தையும் அழித்து மறுபடி நிறுவிவிடுவதே பலரது வழக்கம். தேய்ந்த பேட்டரி அதனால் தேறாது. குறைந்த ரேம் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி. அடுத்த ஆண்டு வேறு ஆசிரியர் வந்தாலும் அந்த நோட்டு உதவும்.