கல்லூரி வாசல் வரை வந்தால் போதுமா?

ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது சந்தவாசல். இங்கே பிளஸ்-2 முடித்த பெண், "கல்லூரிக்குப் போகிறேன்" என்றால், வீட்டில் எழும் முதல் கேள்வி என்ன? "பணத்துக்கு எங்கே போவது?" என்பதுதான்.

பணக்கார அமெரிக்காவிலும் இதே கேள்விதான்! அங்கே கடன் வாங்கிப் படிக்கிறார்கள். 4 கோடிக்கும் அதிகமானவர்கள் தலையில் அரசாங்கக் கல்விக் கடன் இருக்கிறது. 50 வயதிலும் தவணை கட்டுகிறவர்கள் உண்டு.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. அரசு கலைக் கல்லூரியில் கட்டணம் குறைவு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. பாராட்ட வேண்டிய காரியம்.

ஆனால், கட்டணம் மட்டுமா கஷ்டம்? மலைக் கிராமத்துப் பெண்ணுக்குக் காலை பஸ் தவறினால் அன்றைய படிப்பு போச்சு. மாலையில் இருட்டிவிட்டால் தாய்க்கு வயிற்றில் நெருப்பு. பத்து நாள் இப்படி நடந்தால், "படித்தது போதும்" என்று நிறுத்திவிடுவார்கள். விடுதியில் ஓர் இடம் கிடைத்தால், அதே பெண் பட்டதாரி ஆகிவிடுவாள்!

வந்து சேர்ந்த பிள்ளைக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டாமா? பல அரசுக் கல்லூரிகளில் நிரந்தர ஆசிரியர் இடங்கள் காலி. கௌரவ விரிவுரையாளர்கள்தான் வகுப்பு நடத்துகிறார்கள். (கௌரவம் பெயரில் மட்டும்!) இவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019-லேயே சொல்லிவிட்டது.

தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 6 பங்கு கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்றது, 1966-ல் கோத்தாரி கமிஷன். நாடு இன்னும் அதை எட்டவில்லை. மலையடிவார ஊர்களுக்கு விடுதி, கல்லூரி நேரத்துக்குப் பஸ், காலி இடங்களுக்கு ஆசிரியர்: அடுத்த பட்ஜெட்டில் இந்த மூன்றுக்கும் பணம் ஒதுக்க வேண்டும்.