மாதுளை பெயரில் ஆப்பிள் சாறு

அமெரிக்காவில் கோக-கோலாவின் மினிட் மெய்ட் பானம் ஒன்று 'மாதுளை புளூபெர்ரி' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்கப்பட்டது. ஐந்து சாறுகளின் கலவை என்பது சிறிய எழுத்தில். அதில் மாதுளை 0.3 சதவீதம், புளூபெர்ரி 0.2 சதவீதம். 99 சதவீதத்துக்கும் மேல் ஆப்பிள், திராட்சைச் சாறுதான்.

மாதுளைச் சாறு விற்கும் பாம் ஒண்டர்ஃபுல் வழக்குத் தொடுத்தது. லேபிள் விதிகளைக் காட்டிப் போட்டியாளரின் வழக்கைத் தடுக்க முடியாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் 8-0 எனத் தீர்ப்பளித்தது. சரியான தீர்ப்பு. கலவையைக் கண்டுபிடிக்கும் வசதி, கடைக்கு வருபவரைவிடப் போட்டி நிறுவனத்துக்கே அதிகம்.

ஆனால் அது போதாது.

பாம் வழக்குத் தொடுக்கப் பயன்படுத்திய, பொய் விளம்பரத்துக்கு எதிரான லான்ஹாம் சட்டத்தின்கீழ் நுகர்வோர் வழக்குத் தொடுக்க முடியாது. அந்த வழக்கிலும் 2016-இல் ஜூரி கோக-கோலாவுக்குச் சாதகமாக முடிவெடுத்தது. பாம் நிறுவனமும் சுத்தமில்லை: தன் சாற்றையும் இதய நோய், புற்றுநோயையும் தொடர்புபடுத்தி அது செய்த விளம்பரங்கள் ஏமாற்று என்ற ஃபெடரல் வர்த்தக ஆணையத்தின் முடிவை 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.

நிறுவனங்களின் சண்டையை நம்பி நுகர்வோரை விட்டுவிடக் கூடாது. பெயரில் வரும் பழம் எத்தனை சதவீதம் என்பதை, பெயருக்குப் பக்கத்திலேயே அதே அளவு எழுத்தில் அச்சிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கட்டாயப்படுத்த வேண்டும்.