குட்லாடம்பட்டி அருவியருகே நடந்து சென்று தங்கும் சிறு கூடார முகாம் அமைத்துத் தரக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
நடைப்பயண ஆர்வலர் சங்கம்,
பரவை, மதுரை மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், மதுரை.
மாவட்ட வன அலுவலர் அவர்கள், மதுரை வனக்கோட்டம்.
மாவட்ட சுற்றுலா அலுவலர் அவர்கள், மதுரை.

பொருள்: வாடிப்பட்டி வட்டம், குட்லாடம்பட்டி அருவிப் பகுதியில் வனத்துறையின் நேரடிப் பொறுப்பில் பத்துக் கூடாரங்களுக்கு மிகாத முகாம் அமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பரவையிலும் அதை ஒட்டிய விளாங்குடி, சமயநல்லூர் பகுதிகளிலும் குடியிருக்கும் நாங்கள் இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம். எங்கள் உறுப்பினர்களில் பரவை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்கள், கல்லூரிப் பிள்ளைகள், தையல் வேலை பார்க்கும் பெண்களும் இருக்கிறார்கள். மழை கழுவிவிட்ட காலையில் திண்டுக்கல் ரோட்டில் நின்று வடக்கே பார்த்தால் சிறுமலை தெரியும். நாங்கள் பிறந்ததிலிருந்து பார்த்துவரும் மலை அது. அதன் அடியில் ஓர் இரவு தங்க எங்களில் யாருக்கும் முறையான வழி கிடையாது.

சிறுமலையின் தென்சரிவில் இறங்கும் குட்லாடம்பட்டி அருவி ஏறத்தாழ 87 அடி உயரம் கொண்டது. ஊர்க்காரர்கள் அதைத் தாடகை நாச்சி அருவி என்பார்கள். அருகிலேயே தாடகை நாச்சியம்மன் கோயில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் தண்ணீர் விழும், மழை பொய்த்த ஆண்டில் வெறும் பாறைதான். குற்றாலம், சுருளி அருவிகளுக்குப் போக வசதியில்லாத மதுரைக் குடும்பங்கள் ஒரு காலத்தில் சோற்றுப் பொட்டலத்துடன் இங்கேதான் வந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது பாதையும் படிக்கட்டும் குளிக்குமிடமும் சேதமடைந்தன. அதற்குப் பிறகு அருவி நீண்ட காலம் மூடப்பட்டிருந்தது.

மூடியிருந்த காலத்தில் காடு ஆளில்லாமல் இருந்தது என்று நாங்கள் நினைக்கவில்லை. கேட்டைப் பார்த்ததும் குடும்பத்துடன் வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பாட்டிலோடு வந்தவர்கள் சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். பாறை இடுக்கில் கிடக்கும் கண்ணாடிச் சில்லுகளை எங்கள் உறுப்பினர்களே பலமுறை பொறுக்கியிருக்கிறார்கள். காவலுக்கு ஆள் இல்லை என்று நாங்கள் குறை கூற வரவில்லை. ஒரு வனக்காப்பாளர் எத்தனை ஏக்கரைச் சுற்றிவர வேண்டும் என்பதை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். அனுமதியோடு வருகிற பொறுப்புள்ள மனிதர்கள் அங்கே இருப்பதும் ஒருவகைக் காவல்தான் என்பதே எங்கள் பட்டறிவு.

காட்டில் ஓர் இரவு தங்க விரும்புகிறவர்கள் இப்போது தனியார் டென்ட் ஏற்பாட்டாளர்களிடம்தான் போகிறார்கள். நாங்களும் ஒருமுறை வேறொரு மலைக்கு அப்படிப் போனோம். சரிவான பட்டா நிலத்தில் கயிற்றோடு கயிறு உரச டென்டுகளை அடித்திருந்தார்கள். நள்ளிரவு தாண்டியும் ஸ்பீக்கர் அலறியது. கழிப்பிடம் என்று காட்டியது ஒரு தார்ப்பாய் மறைப்பு. எங்களுடன் வந்த பெண்கள் தண்ணீர் குடிக்கவே அஞ்சி இரவைக் கழித்தார்கள். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் கண்டபோது யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. காடு பார்க்கப் போய்க் காட்டுக்குச் செய்த தீங்கில் பங்காளியாகித் திரும்பினோம் என்ற வருத்தம் எங்களுக்கு இன்னும் போகவில்லை. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் இத்தகைய கூடாரத்தில் தங்கியிருந்த இளம்பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். அந்தக் கூடாரங்களுக்கு உரிமம் உண்டா என்ற கேள்வி அதன் பிறகுதான் எழுந்தது.

குரங்கணியை நாங்கள் மறக்கவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் அந்தக் காட்டுக்கு மலையேறச் சென்றவர்களில் 23 பேர் காட்டுத்தீயில் சிக்கி மாண்டார்கள். தீக்காயம் பட்டவர்களில் பலரை மதுரைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் அரசு இராசாசி மருத்துவமனை வாசலில் நின்றவர்கள் எங்கள் சங்கத்திலும் உண்டு. அந்த ஆண்டே அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் மலையேற்றத் திட்டத்தையும் தொடங்கியது. அதில் மதுரை மாவட்டத்துக்குரிய பாதையாகத் தாடகை மலை, குட்லாடம்பட்டி இடம்பெற்றிருப்பது எங்களுக்குப் பெருமை. வழிகாட்டி, முன்பதிவு, பெயர்ப் பதிவு என்ற ஒழுங்கு அங்கே ஏற்கெனவே வந்துவிட்டது. பகலுக்கு வந்த அந்த ஒழுங்கை இரவுக்கும் நீட்டித்துத் தாருங்கள் என்று கேட்கிறோம்.

முதலில், இடம் பற்றி. வாகனங்கள் மலையடிவாரத்திலேயே நிற்க வேண்டும். அங்கிருந்து கூடாரம், படுக்கை, அரிசி, பருப்பு எல்லாவற்றையும் அவரவர் முதுகில் சுமந்து நடந்துதான் முகாமுக்கு வர வேண்டும். சுமந்து வருகிறவர் தேவையில்லாததை எடுத்து வரமாட்டார், ஸ்பீக்கர் பெட்டி தானாகவே கீழே தங்கிவிடும். பத்துக் கூடாரம், முப்பது பேர், அதற்கு மேல் ஒருவர்கூடக் கூடாது. கூட்டம் அதிகம் என்று பிற்காலத்தில் எண்ணிக்கையைக் கூட்டும்படி நாங்களே வந்து கேட்டாலும் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

அருவியருகே என்று கேட்கிறோமே தவிர அருவியின் காலடியில் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம் காதில் விழுந்தால் போதும். நீர்நிலையிலிருந்து குறைந்தது 200 அடி தள்ளிக் கூடாரம் அடிப்பது பல நாடுகளில் காட்டில் தங்குவோர் கடைப்பிடிக்கும் வழக்கம். இங்கே அதைவிடக் கூடுதல் தூரமும், ஓடைப் படுகையைவிட உயரமான மேடும் வேண்டும். மலை உச்சியில் பெய்யும் மழை அடிவாரத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. வானம் வெளுத்திருக்கும்போதே செந்நீர் இறங்கிவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுச் சிறுவனை அடித்துச் சென்றது. கும்பக்கரை அருவியிலும் சுருளியிலும் நீர்வரத்து கூடியதும் குளிக்கத் தடை விதிக்கும் நடைமுறை வனத்துறையிடமே இருக்கிறது. அதே நடைமுறையுடன் சிறுமலை மேல் ஒரு மழைமானி, கீழே ஓர் அபாயச் சங்கு, காவலரிடம் ஒரு வயர்லெஸ் ஆகியவற்றைச் சேர்த்துத் தாருங்கள். செல்போன் சிக்னலை நம்பி முப்பது உயிரை அங்கே படுக்க வைக்க முடியாது.

காலம் பற்றி எங்கள் சங்கத்தில் நீண்ட விவாதம் நடந்தது. ஆண்டு முழுதும் திறக்க வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். மார்கழி, தை இரண்டு மாதம் மட்டும் போதும் என்ற பெரியவர்கள் சொல்லே கடைசியில் நின்றது. மார்கழி பிறக்கும்போது வடகிழக்குப் பருவமழையின் மூர்க்கம் பெரும்பாலும் தணிந்திருக்கும், அருவியில் தண்ணீரும் இருக்கும். தை முடிந்த சில நாளில், பிப்ரவரி 15 அன்று, காட்டுத்தீக் காலத்துக்கான மலையேற்றத் தடை தொடங்குகிறது. அந்த இரண்டு மாதத்திலும் வானிலை மையம் கனமழை எச்சரிக்கை விடுத்த நாளில் முகாம் மூடியிருக்க வேண்டும், கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். பணம் போய்விடுமே என்ற கவலையில்தான் பலர் ஆபத்தைப் பார்க்காமல் கிளம்புகிறார்கள்.

நெருப்பு கூடவே கூடாது. முகாம் என்றாலே நடுவில் விறகு மூட்டி உட்காருவது என்று சினிமா பார்த்துப் பழகிவிட்டோம். சிறுமலையின் அடிச்சரிவில் காய்ந்த புல்லும் முட்புதரும் எப்படிப் பற்றும் என்பது இந்த ஊர் ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். தகரக் கூரை போட்ட ஒரு பொதுச் சமையல் இடம், அதில் சிறிய கேஸ் அடுப்பு, பக்கத்தில் மணல் வாளி போதும். பீடி, சிகரெட், தீப்பெட்டி ஆகியவற்றைச் செக்போஸ்ட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மதுவும் அப்படியே. இதில் எங்கள் உறுப்பினர்களுக்கும் விலக்கு வேண்டாம்.

கழிப்பிடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல எங்களுக்குக் கூச்சமில்லை. பெண்கள் வருவார்களா மாட்டார்களா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. தொட்டி கட்டி மூடும் முறை ஓடைக்கு அருகில் ஆகாது. அதன் கசிவு கீழே ஊர்ப் பயன்பாட்டுக்குப் போகும் தண்ணீரில்தான் கலக்கும். திருச்சி மாவட்டம் முசிறியில் மலத்தையும் சிறுநீரையும் பிரித்து, மலத்தை மட்க வைத்து உரமாக்கும் சூழல் கழிப்பிடத்தைப் பொதுமக்கள் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திக் காட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அதிகம் தேவைப்படாத அந்த முறையில் பெண்களுக்கு இரண்டும் ஆண்களுக்கு இரண்டும், உள்ளிருந்து தாழிடும் கதவுடனும் சூரிய விளக்குடனும் கட்டித் தரக் கோருகிறோம். இரவுப் பணியில் ஒரு பெண் காவலர் இருக்க வேண்டும். அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதற்கும் இடம் கூடாது. குற்றாலத்தில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை விதித்த கட்டுப்பாடுகள் இங்கும் பொருந்த வேண்டும்.

உள்ளே போகும் ஒவ்வொரு பையையும் எண்ணி, வெளியே வரும்போதும் எண்ணுங்கள். நீலகிரியில் மது விற்கும்போது கூடுதலாக வாங்கும் 10 ரூபாயைக் காலிப் பாட்டிலைத் திருப்பித் தருவோருக்குக் கொடுக்கும் முறை 2022 முதல் பாட்டில்களைக் காட்டிலிருந்து மீட்டது. தண்ணீர் பாட்டில், பிஸ்கட் உறை ஆகியவற்றுக்கும் அப்படியொரு முன்பணம் வாங்கினால் குப்பை தானே கீழே இறங்கி வரும்.

சமையல் இடமும் கழிப்பிடமும் தவிர வேறு கட்டடம் எங்களுக்கு வேண்டாம் என்பதை இம்மனுவின் மிக முக்கியமான வரியாகக் கருதக் கேட்டுக்கொள்கிறோம். சிமெண்ட் குடில், செயற்கை நீரூற்று, நுழைவு வளைவு, செல்ஃபி மேடை ஆகியவற்றுக்குச் செலவிடும் பணத்தில் கூடாரங்களுக்கான பத்து மண்மேடைகளையும் ஒரு நல்ல பாதையையும் பல ஆண்டு பராமரிக்கலாம். 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2023இல் வந்த திருத்தம், வனப் பணித்திட்டத்தில் சேர்க்கப்பட்ட சூழல் சுற்றுலா வசதிகளை வனம் சாராத பயன்பாடாகக் கருதுவதில்லை. அதைச் சாக்காக வைத்துப் பெரிய விடுதிகள் காட்டுக்குள் வந்துவிடுமோ என்ற அச்சம் எங்களுக்கு உண்டு. ஆகவே மதுரை வனக்கோட்டத்தின் பணித்திட்டத்தில் இந்த முகாமை அதன் அளவுடன், பத்துக் கூடாரம், சமையல் இடமும் கழிப்பிடமும் தவிர நிரந்தரக் கட்டுமானம் இல்லை என்ற சொற்களுடன் எழுதிச் சேர்க்க வேண்டுகிறோம். குத்தகைக்கோ தனியார் ஒப்பந்தத்துக்கோ விடக் கூடாது.

ஊர்க்காரர்களைக் கேட்காமல் எதுவும் செய்ய வேண்டாம். அருவியும் அம்மனும் முதலில் அவர்களுடையவை. கோயில் விழா நாட்களில் முகாம் மூடியிருக்க வேண்டும். மேய்ச்சலுக்குப் போகும் பாதையில் கூடாரம் அடிக்கக் கூடாது. வழிகாட்டி, இரவுக் காவல், சமையல், துப்புரவு வேலைகளைக் குட்லாடம்பட்டி மக்களுக்கே நாள்கூலியுடன் தர வேண்டும். கோவை மாவட்டம் பரளிக்காட்டில் பழங்குடி மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்தும் சூழல் சுற்றுலா நல்ல முன்மாதிரி. அங்கே அந்த ஊர்ப் பெண்கள் சமைத்துப் பரிமாறும் சாப்பாட்டுக்காகவே மீண்டும் போனவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். கட்டண வருவாயில் ஒரு பங்கு கிராம வனக்குழுவின் கணக்கில் சேர வேண்டும்.

கட்டணம் ஒரு மூட்டைத் தொழிலாளியின் ஒருநாள் கூலிக்கு மேல் போகக் கூடாது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆசிரியருடன் வந்தால் இலவசமாக இருக்கட்டும். முன்பதிவு இணையத்தில் மட்டும் இருந்தால் எங்களில் பாதிப் பேருக்கு எட்டாது. சோழவந்தான் வனச்சரக அலுவலகத்தில் நேரில் பதியவும் வழி வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் வாடிப்பட்டியிலிருந்து குட்லாடம்பட்டிக்கும், ஞாயிறு முற்பகல் அங்கிருந்து திரும்பவும் ஒரு நகரப் பேருந்து விடப் போக்குவரத்துக் கழகத்துக்குப் பரிந்துரைக்கவும் வேண்டுகிறோம்.

எங்கள் பங்குக்கு, பாதை சீரமைப்புக்கு வாரம் ஒருநாள் உடலுழைப்புத் தர இருபது உறுப்பினர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். முகாம் திறந்திருக்கும் மாதங்களில் ஒவ்வொரு திங்களன்றும் குப்பை பொறுக்க வருவோம். பாம்புக்கடி முதலுதவி, வெள்ளக் காலத்தில் மக்களை வெளியேற்றுதல் ஆகியவற்றில் வனத்துறையும் தீயணைப்புத் துறையும் பயிற்சி தந்தால் கற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்.

வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், வனத்துறை, வருவாய்த்துறை, சுற்றுலாத்துறை அலுவலர்களும் குட்லாடம்பட்டி ஊராட்சிப் பிரதிநிதிகளும் எங்கள் சங்கத்தாரும் சேர்ந்து அருவிப் பகுதியை ஒருநாள் நடந்து பார்க்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். சென்ற மழைகளில் வெள்ளம் எந்தப் பாறைவரை ஏறியது என்று ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டிச் சொல்வார்கள். அதற்கு மேலே முதல் கூடாரத்துக்கான மேட்டைக் குறித்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர், பொருளாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: பரவை

இணைப்பு: உறுப்பினர்களின் கையொப்பப் பட்டியல், உடலுழைப்புக்கு ஒப்புக்கொண்டோரின் ஒப்புதல் கடிதம்.